பழைய காருக்குள் பாட்டியின் குரல்! – ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பகல்

சென்னை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. காலை பத்தரை மணிக்குக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. சீட் கவர், மேட், ஹாரன், ஸ்பீக்கர், ஸ்டீயரிங் உறை என்று கார் சாமான்கள் வாசல்வரை தொங்கும் தெரு இது. ஒரு கடையின் முன்னால் வெள்ளை மாருதி 800 ஒன்று வந்து நின்றது. பெயின்ட் மங்கியிருந்தாலும், தினமும் துடைக்கப்படும் வண்டி என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஓட்டி வந்த பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து சீட்டில் கல்லூரியில் படிக்கும் பேத்தி. அவள் உள்ளங்கையில் ஒரு பழைய எம்பி3 பிளேயர்.

"தம்பி, இதுல இருக்கிறது இந்த வண்டி ஸ்பீக்கர்ல கேக்கணும். அவ்வளவுதான்" என்றார் பெரியவர்.

ஃபிட்டர் குனிந்து டாஷ்போர்டைப் பார்த்தார். கேசட் போடும் பழைய ஸ்டீரியோ. ஆக்ஸ் ஓட்டை இல்லை. யுஎஸ்பி இல்லை. ப்ளூடூத்துக்கு வாய்ப்பே இல்லை.

"ஐயா, இதைக் கழட்டிடலாம். டச் ஸ்க்ரீன் போட்டுத் தர்றேன். ப்ளூடூத், ரிவர்ஸ் கேமரா எல்லாம் வந்துடும்."

"கேசட் இன்னும் ஓடுது தம்பி. கழட்ட வேணாம்."

விஷயம் அந்தக் குட்டி பிளேயரில் இருந்தது. 2007-ல் பெரியவரின் மகள் வாங்கியது. அதில் சின்னதாக ஒரு மைக்கும் உண்டு. கைக்குழந்தையாக இருந்த பேத்தியைத் தொட்டிலில் போட்டு பாட்டி தாலாட்டுப் பாடியபோது, மகள் அதை அப்படியே பதிவு செய்து வைத்திருந்தார். நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். பாட்டி போன வருடம் காலமாகிவிட்டார். அடுத்த வாரம் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊரில் தலைத்திவசம். இத்தனை வருடமும் ஊருக்குப் போகும்போதெல்லாம் இதே காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, எதையாவது பாடிக்கொண்டே வருவது பாட்டியின் வழக்கம். இந்த முறை அந்த சீட் காலியாக இருக்கும். குரலாவது கூட வரட்டும் என்பது பேத்தியின் யோசனை.

ஃபிட்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஸ்டீரியோவின் கேசட் மூடியை விரலால் தள்ளிப் பார்த்தார். "அப்படின்னா இதைக் கழட்டவே வேணாம் ஐயா. கேசட் அடாப்டர்னு ஒண்ணு இருக்கு. எங்ககிட்ட இப்ப வர்றதில்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடினா கிடைக்கும். வண்டி இங்கேயே நிக்கட்டும். நடந்து போயிட்டு வந்துடுங்க."

கையில் இருந்தது காருக்குள் வந்த கதை

காருக்குள் பாட்டு கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு வயது கிட்டத்தட்ட நூறு. 1930-ல் அமெரிக்காவில் கார் ரேடியோ ஒன்று விற்பனைக்கு வந்தது. அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. பின்னாளில் கம்பெனியின் பெயரும் அதுவே ஆனது. 1956-ல் கிரைஸ்லர் நிறுவனம் காருக்குள் இசைத்தட்டு சுழலும் கருவியையே வைத்துப் பார்த்தது. ஓடும் வண்டியில் ஊசியும் இசைத்தட்டும்! அது நெடுநாள் நிலைக்கவில்லை.

1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் சின்ன கேசட்டை அறிமுகப்படுத்திய பிறகுதான், 'நமக்குப் பிடித்த பாட்டு, நம் காரில்' என்பது சாதாரண விஷயமாயிற்று. தமிழ்நாட்டில் கேசட் கடைக்குப் போய், வேண்டிய பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்து, 60 நிமிட கேசட்டிலோ 90 நிமிட கேசட்டிலோ பதிவு செய்து வாங்கிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். கல்யாண வேன் புறப்படும்போது டிரைவர் பக்கத்தில் ஒரு பை நிறைய கேசட் இருக்கும்.

1979-ல் சோனியின் வாக்மேன் வந்தது. 2001-ல் ஆப்பிளின் ஐபாட் வந்தது. பாட்டு சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. ஆனால், காரில் இருந்ததோ கேசட் பெட்டி. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2004-ல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆப்பிளுடன் சேர்ந்து, தன் கார்களில் ஐபாடை நேரடியாக இணைக்க ஏற்பாடு செய்தது. அந்த வசதி இல்லாத மற்றவர்கள், இணைக்கும் வழியைக் கடைத்தெருவில் தேடினார்கள்.

சென்னையில் அந்தக் கடைத்தெரு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் ரிச்சி ஸ்ட்ரீட்டும்தான். 1983-ல் தொடங்கி 2014 தொடக்கம் வரை தயாரான மாருதி 800-ஐ வாங்கியவர்களில் பெரும்பாலோர், ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்ததும் ஸ்டீரியோவைத் தனியாகத்தான் பொருத்திக்கொண்டார்கள். டாஷ்போர்டில் அதற்கென்று ஒரு செவ்வக இடம் இருக்கும். அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். கடைக்காரர்கள் அதை 'சிங்கிள் டின்' என்பார்கள். அந்த இடத்தை நிரப்பித் தருவதே பேட்டர்ஸ் ரோட்டின் பிழைப்பாக இருந்தது. இப்போது புதுக் கார்கள் தொடுதிரையோடேயே வருகின்றன. அதனால் இங்கே ஸ்டீரியோவைவிட சீட் கவர்தான் அதிகம் தொங்குகிறது.

அண்ணா சாலையைக் கடந்தால்...

பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து வெளியே வந்தால் அண்ணா சாலை. எதிர்ப்பக்கம் போய் உள்ளே திரும்பினால் ரிச்சி ஸ்ட்ரீட். தூரம் அதிகமில்லை, அண்ணா சாலையைக் கடப்பதுதான் பெரிய வேலை. மெட்ரோவில் வருகிறவர்களுக்கு அரசினர் தோட்டம் ஸ்டேஷன் பக்கம். பறக்கும் ரயிலில் வந்தால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடக்கலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட் என்பது ஒரே ஒரு தெருவின் பெயர் என்றாலும், ஊருக்கு அது ஒரு பேட்டையின் பெயர். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததுதான் ஜனங்கள் சொல்லும் 'ரிச்சி ஸ்ட்ரீட்'. டெல்லியின் நேரு பிளேஸுக்கு அடுத்தபடி இதுதான் என்று இங்கிருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ரேடியோ, டேப் ரெக்கார்டர், டிவி, கம்ப்யூட்டர், செல்போன், சிசிடிவி என்று காலத்துக்கு ஏற்ப கடைகளின் போர்டுகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. மாறாதது வயர். எந்தக் கடையிலும் ஏதோ ஒரு வயர் சுருள் சுருளாகத் தொங்கும். பக்கத்துப் பேட்டையான சிந்தாதிரிப்பேட்டை, 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவான ஊர். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். அன்று நூல் ஓடிய பக்கம். இன்று வயர் ஓடுகிறது.

தெருவுக்குள் இரண்டு சக்கர வண்டிகள் நிற்கும் இடம் போக, மிச்சம் இருக்கும் சந்தில்தான் மனிதர்கள் நடக்க வேண்டும். தலைமேல் மூட்டை சுமப்பவர், "சைடு... சைடு..." என்று கத்திக்கொண்டே போவார். பேத்தி முன்னால் போக, பெரியவர் அவள் தோளைப் பிடித்தபடி பின்னால் வந்தார்.

மூன்று கடைகளில் "கேசட் அடாப்டரா? அதெல்லாம் இப்ப யாரு கேக்கிறா!" என்ற சிரிப்புதான் பதில். நான்காவது, ஆறடி அகலம்கூட இல்லாத கடை. உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்கவர் ஒருவர், கண்ணில் பூதக்கண்ணாடியோடு எதையோ சால்டரிங் செய்துகொண்டிருந்தார். கேட்டதும் நிமிர்ந்தார். "இருக்கு. முதல்ல பிளேயரைக் காட்டும்மா."

"முதல்ல காப்பி எடுங்க!"

டிவி ரிமோட்டில் போடும் சின்ன செல் ஒன்றைப் பிளேயரில் போட்டார். நல்லவேளையாக, உள்ளே பழைய செல் கசிந்திருக்கவில்லை. திரை ஒளிர்ந்தது. இயர்போனைப் பேத்தியிடம் நீட்டினார். அவள் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.

"இது ஓடுறதே அதிர்ஷ்டம்தான். இதுக்குள்ள இருக்கிறது ஃபிளாஷ் மெமரி. வருஷக்கணக்கா சும்மா கெடந்தா, எழுதினது மெல்ல மெல்ல அழிஞ்சுபோகும். கார்ல கேக்கிறது அப்புறம். முதல்ல காப்பி எடுத்துடலாம்" என்றார் கடைக்காரர்.

பிளேயரின் மூடியைக் கழற்றினால் உள்ளே யுஎஸ்பி முனை. லேப்டாப்பில் செருகினார். 'வாய்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் ஒரே ஒரு ஃபைல். அதைக் காப்பி செய்துவிட்டுத் திறந்து பார்த்தார். திறக்கவில்லை.

அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்து மலிவு பிளேயர்கள் பலவும் பாட்டை எம்பி3-ஆகப் பாடும். ஆனால் மைக்கில் பதிவு செய்வதை மட்டும் வேறு மாதிரி சேமிக்கும். 'ஏசிடி' என்று முடியும் அந்த ஃபைல் வகை, சாதாரண கம்ப்யூட்டருக்குப் புரியாது. பென் டிரைவில் போட்டுக் கார் ஸ்டீரியோவில் செருகினால், அதற்கும் புரியாது. அதாவது, பேட்டர்ஸ் ரோட்டில் சொன்னபடி புது டச் ஸ்க்ரீன் போட்டிருந்தாலும், பென் டிரைவ் வழியாகப் பாட்டியின் குரல் வந்திருக்காது.

பெரியவரின் முகம் வாடியது. கடைக்காரர் சிரித்தார். "பயப்படாதீங்க ஐயா. கம்ப்யூட்டருக்குப் புரியாட்டி என்ன? பிளேயருக்குப் புரியுதுல்ல. அதைப் பாட விட்டு, நாம பிடிச்சுக்கலாம்."

இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள சின்ன வயரை எடுத்தார். ஒரு முனை பிளேயரின் இயர்போன் ஓட்டையில். மறுமுனை, லேப்டாப்பில் செருகிய குட்டி சவுண்ட் கார்டில். பிளேயரின் சத்தத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தார். முழுசாக வைத்தால் குரல் கரகரக்கும் என்றார். பதிவு ஓடத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு மேலும் கீழும் அசைந்தது. தெருவின் இரைச்சல் எதுவும் அதில் விழாது. வயர் வழியாக வருவது பாட்டியின் குரல் மட்டும்தான். அந்த நான்கு நிமிடமும், 'மொபைல் சார்ஜர் இருக்கா?' என்று கேட்க வந்த இரண்டு பேர்கூட ஏதோ புரிந்துகொண்டு வாசலிலேயே அமைதியாக நின்றார்கள்.

முடிந்ததும் அதை எம்பி3-ஆக மாற்றி, பேத்தியின் போனில் ஒன்று, அவள் இ-மெயிலில் ஒன்று, புதுப் பென் டிரைவில் ஒன்று என மூன்று இடத்தில் வைத்தார். "மூணு இடத்துல இருந்தாதான் ஒரு இடத்துல இருக்கும்" என்றார். இந்தத் தெருவில் ஹார்டு டிஸ்க் ரிப்பேர் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் பாடம் அது.

காருக்குள் போகும் வழிகள்

இனி, அதைக் காரில் எப்படிக் கேட்பது? கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

முதலில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். காரின் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால், இது ஒரு குட்டி வானொலி நிலையமாகிவிடும். பிளேயரை இதில் இணைத்து, காரின் ரேடியோவில் அதே எண்ணை வைத்தால் பாட்டு கேட்கும். எந்தக் காருக்கும் பொருந்தும். எதையும் கழற்ற வேண்டாம். ஆனால், இதன் சக்தி மிகக் குறைவு. உண்மையான வானொலி நிலையம் குறுக்கே வந்தால் தோற்றுவிடும். சென்னையிலோ 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக நிலையங்கள். காலி எண்ணைத் தேடிப்பிடிக்க வேண்டும். அப்படியே பிடித்தாலும், அடுத்த பெரிய ஊர் வந்தால் அதே எண்ணில் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். தாலாட்டின் நடுவே விளம்பரம் நுழைந்தால் எப்படி இருக்கும்? பெரியவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

அடுத்து ப்ளூடூத் ரிசீவர். பேத்திக்கு முதலில் இதன் மேல்தான் கண். அதிகம் பேர் ஏமாறும் இடமும் இதுதான். ரிசீவர் என்பது வாங்கிக்கொள்ளும் கருவி. அனுப்புகிற பக்கமும் ப்ளூடூத் இருக்க வேண்டும். போனில் இருக்கிறது, பழைய பிளேயரில் இல்லை. ஐபாட் கிளாசிக் போன்றவற்றிலும் கிடையாது. அவற்றுக்கு, பிளேயரின் பக்கம் டிரான்ஸ்மிட்டரும் தனியாக வாங்க வேண்டும். அதோடு, ரிசீவர் வாங்கிய சத்தத்தை காரின் ஸ்டீரியோவுக்குக் கொடுக்க ஆக்ஸ் ஓட்டை வேண்டும். இந்த மாருதியில் அதுவும் இல்லை. பழைய கார் சிலவற்றில் ப்ளூடூத் இருந்தாலும் போன் பேச மட்டுமே வேலை செய்யும், பாட்டு வராது. வாங்குமுன் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஆக்ஸ் வயர். இருப்பதிலேயே எளிமையானதும் நம்பகமானதும் இதுதான். காரில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால், ஒரே ஒரு வயர் போதும். பிளேயர் எந்த வகை ஃபைலைப் பாடினாலும் கவலை இல்லை; பாடிய பிறகு வரும் சத்தத்தைத்தான் வயர் சுமக்கிறது. சில ஸ்டீரியோக்களில் ஆக்ஸ் முன்னால் இருக்காது. பின்பக்கம் சிவப்பு, வெள்ளை வட்டப் பின்களாக ஒளிந்திருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆக்ஸில் ஒரு தொல்லை உண்டு. போனை லைட்டர் ஓட்டையில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸிலும் இணைத்தால், பின்னணியில் 'ங்கொய்ய்ய்...' என்று ஒரு சத்தம் வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறும். வண்டியின் ஆல்டர்னேட்டர் போடும் சத்தம் அது. இரண்டு வழியாக எர்த் ஆவதால் வருவது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். அப்படியும் வேண்டுமென்றால் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று ஒரு சின்ன டப்பா, நடுவில் மாட்டிக்கொள்ளலாம்.

நான்காவது யுஎஸ்பி. பென் டிரைவில் எம்பி3 போட்டால் பெரும்பாலான ஸ்டீரியோக்கள் பாடும். பழைய ஸ்டீரியோ என்றால் பென் டிரைவை 'ஃபேட் 32' முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். பழைய ஐபாடை யுஎஸ்பி வயரில் செருகினால் மட்டும், எல்லா ஸ்டீரியோவும் அதைப் பாடிவிடாது. ஐபாட் தன் பாட்டுகளை மறைந்த ஃபோல்டர்களில், நான்கெழுத்துப் புதிர்ப் பெயர்களில் வைத்திருக்கும். 'ஐபாடுக்குப் பொருந்தும்' என்று குறிப்பிட்ட ஸ்டீரியோவுக்குத்தான் பட்டியல் ஒழுங்காகத் தெரியும். மற்றவர்களுக்கு இயர்போன் ஓட்டையே கதி.

கடைசியாக, அலமாரியின் அடியிலிருந்து தூசி தட்டி ஒரு அட்டையை எடுத்தார் கடைக்காரர். உள்ளே ஒரு கேசட். ஆனால் நாடா இல்லை. ஓரத்தில் ஒரு வயர், நுனியில் பின். கேசட் அடாப்டர்!

அது வேலை செய்யும் விதம் அழகானது. கேசட் பெட்டியில் நாடாவில் இருக்கும் காந்த மாற்றத்தை 'ஹெட்' என்ற சின்ன உலோகத் தலை படித்து சத்தமாக்குகிறது. அடாப்டரிலும் அதேபோல ஒரு தலை இருக்கும். பிளேயரிலிருந்து வரும் மின்சாரத்தை அது காந்த மாற்றமாக்கும். காரின் தலை எதிரில் இருந்து அதைப் படித்துக்கொள்ளும். நாடாவே இல்லாமல், தலைக்குத் தலை பேசிக்கொள்கின்றன. நாடா ஓடவில்லை என்று தெரிந்தால் ஸ்டீரியோ கேசட்டை வெளியே துப்பிவிடும் அல்லவா? அதை ஏமாற்றத்தான் உள்ளே பல்சக்கரங்கள். அவை சுற்றிக்கொண்டே இருப்பதால், நாடா ஓடுகிறது என்று ஸ்டீரியோ நம்பிக்கொள்ளும்.

"லேசா கரகரன்னு பல்சக்கரச் சத்தம் இருக்கும். அதைப் பொறுத்துக்கணும். வயர் ரெண்டு பக்கமும் திரும்புற மாதிரி இருக்கான்னு பாத்துக்கோங்க. உங்க வண்டியில கேசட் எந்தப் பக்கமா உள்ள போகுதோ, அதுக்குத் தக்கபடி வெளிய எடுத்து விடலாம்" என்றார் கடைக்காரர்.

விலையைக் கேட்டார் பெரியவர். அவர் சொன்னது, இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் காசுகூட இல்லை. காப்பி எடுத்ததற்கு எவ்வளவு என்றதற்கு, "அதுக்கு ஒண்ணும் வேணாம் ஐயா" என்று சால்டரிங்கைத் தொடர்ந்தார்.

மீண்டும் பேட்டர்ஸ் ரோடு

மதியம் வெயில் ஏறியிருந்தது. வந்ததும் வராததுமாக அடாப்டரைக் கேசட் வாயில் தள்ளினாள் பேத்தி. பத்து நொடி ஓடியது. 'டக்' என்று வெளியே வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வெளியே.

ஃபிட்டர் வந்தார். "பாத்து நாளாச்சு. பெல்ட் தளர்ந்திருக்கும்." நான்கு வயரைப் பிடுங்கி ஸ்டீரியோவை வெளியே எடுத்து, மூடியைக் கழற்றினார். உள்ளே மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பெல்ட் ஒன்று தொளதொளவென்று கிடந்தது. சக்கரம் சரியாகச் சுற்றவில்லை. அதனால் நாடா நின்றுவிட்டது என்று நினைத்து ஸ்டீரியோ கேசட்டைத் துப்புகிறது. அடாப்டர் மேல் தப்பே இல்லை.

பெல்ட்டுக்கு எங்கே போவது? பையன் ஒருவனைப் புதுப்பேட்டைக்கு அனுப்பினார் ஃபிட்டர். கூவம் ஓரமாக இருக்கும் பழைய வண்டிச் சாமான் சந்தை அது. எந்த வண்டியின் எந்த உறுப்பும் அங்கே கழன்று கிடக்கும். முக்கால் மணி நேரத்தில் பையன் ஒரு பழைய ஸ்டீரியோவின் பெல்ட்டோடு வந்து நின்றான். அதற்குள் ஃபிட்டர், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, ஹெட்டை மெல்லத் துடைத்து வைத்திருந்தார். பஞ்சில் இருபது வருடப் பாட்டின் அழுக்கு காப்பிப் பொடி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

திரும்ப மாட்டும்போது பேத்தி கேட்டாள்: "அண்ணா, இத்தனை கலர் வயரை எப்படி ஞாபகம் வச்சுக்கறீங்க?"

"மஞ்சள், எப்பவும் கரன்ட். சிவப்பு, சாவி போட்டா கரன்ட். கறுப்பு, எர்த். வெள்ளையும் சாம்பலும் முன்னாடி ஸ்பீக்கர், பச்சையும் ஊதாவும் பின்னாடி ஸ்பீக்கர். தனியா விக்கிற செட்டுல பெரும்பாலும் இப்படித்தான்மா. ஆனா, கம்பெனி செட்டுல மாறும். அதனால மீட்டர் வச்சுப் பாக்காம கை வைக்கக் கூடாது. வயரை வெட்டி, வெறும் இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டா, வெயில்ல பசை இளகி, டேப் கழண்டு ஷார்ட் ஆகும். வண்டியே எரிஞ்சு போயிருக்கு."

இந்த முறை அடாப்டர் உள்ளே போனது, தங்கியது. பிளேயரின் சத்தத்தை முக்கால் பங்கு வைத்துவிட்டு, மீதியை ஸ்டீரியோவில் கூட்டினார் ஃபிட்டர். முதலில் பல்சக்கரத்தின் கரகரப்பு. பிறகு ஒரு தொட்டிலின் கிரீச் சத்தம். பிறகு குரல்.

பெரியவர் காரின் மேல்கூரையில் கை வைத்தபடி நின்றிருந்தார். ஃபிட்டர் எதுவும் பேசாமல் ஸ்க்ரூடிரைவர்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

நீங்களும் போகிறீர்களா? கொஞ்சம் கவனிக்க...

* ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மற்ற நாட்களில் பதினொரு மணிக்கு மேல் போவது நல்லது. காரை உள்ளே கொண்டுபோக நினைக்காதீர்கள்.

* போகுமுன் உங்கள் ஸ்டீரியோவின் முன்பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டா, சிடியா, ஆக்ஸ் உண்டா, யுஎஸ்பி உண்டா என்று கடைக்காரர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

* ஆக்ஸ் இருந்தால் வயர். கேசட் மட்டும் இருந்தால் கேசட் அடாப்டர். சிடியும் ரேடியோவும் மட்டும் இருந்தால் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். ஒன்றுமே சரிப்படவில்லை என்றால்தான் ஸ்டீரியோவை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

* உங்கள் போனில் இயர்போன் ஓட்டை இல்லையென்றால், டைப் சி-யிலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் சின்ன வயரும் சேர்த்து வாங்குங்கள்.

* எதை வாங்கினாலும் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இங்கே அது வழக்கம்தான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

* பாட்டைத் தேர்ந்தெடுப்பதை வண்டி கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். ஓட்டும்போது பிளேயரைத் தொடக் கூடாது. நிறுத்திய காரின் டாஷ்போர்டில், வெயிலில் போனையோ பிளேயரையோ விட்டுப் போகாதீர்கள், பேட்டரிக்கு ஆகாது.

* வீட்டு அலமாரியில் பழைய பிளேயர், பழைய கேசட், பழைய போன் ஏதாவது கிடந்தால், அதில் யாருடைய குரலாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், கார் கதை அப்புறம், காப்பி முதலில்.

விக்கிரவாண்டி தாண்டி...

அடுத்த வாரம், விடியும் முன்பே மாருதி கிளம்பியது. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம். விக்கிரவாண்டியில் திரும்பி, பண்ருட்டியைத் தாண்டும்போது சாலையோரம் பலாப்பழங்கள் குவிந்திருந்தன. பாட்டி இருந்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார் என்றார் பெரியவர். பேத்தி நிறுத்தச் சொன்னாள். ஒன்று வாங்கி பின் சீட்டில் வைத்தார்கள். முன் சீட்டில் பேத்தி உட்காரவில்லை, அவளும் பின்னால்தான். முன் சீட்டில் அந்தக் குட்டி பிளேயர் மட்டும், வயரோடு.

கொள்ளிடத்தைக் கடந்த பிறகுதான் பெரியவர், "இப்பப் போடும்மா" என்றார். அதுவரை அவர் கேட்கவே இல்லை. பேத்தி எட்டி, பிளேயரின் பொத்தானை அழுத்தினாள். கரகரப்பு, தொட்டில் சத்தம், தாலாட்டு. ஜன்னல் வழியாக வயல் காற்று வந்துகொண்டிருந்தது. நான்கு நிமிடமும் யாரும் பேசவில்லை.

பாட்டு முடிந்த பிறகும் பதிவு கொஞ்சம் ஓடும். பேட்டர்ஸ் ரோட்டில் யாரும் அதுவரை கேட்கவில்லை. தொட்டில் ஆடுவது நிற்கிறது. யாரோ நெருங்கி வரும் சத்தம். பிறகு பாட்டி, மகளிடம் மெதுவாகக் கேட்கிறார்: "ஏண்டி, பதிவாயிடுச்சா?"

அதோடு பதிவு முடிந்துவிடுகிறது. மகள் என்ன சொன்னார் என்பது அதில் இல்லை.

"ஆயிடுச்சு" என்றார் பெரியவர், சாலையைப் பார்த்தபடி.